காமெடி சீனுக்குப் பின்னாடி ஓடுன அந்த மியூசிக் எது? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், எழுபதுகள்ல எடுத்த ஒரு பழைய பிரிட்டிஷ் டிவி காமெடி. ஒருத்தர் பெரிய ஏணிய தூக்கிட்டு குறுகலான கதவுக்குள்ள நுழையப் படாதபாடு படுவாரு, அப்போ பின்னாடி ட்யூபாவும் கிளாரினெட்டும் மாறி மாறி ஒரு நாப்பது செகண்ட் ஓடும். இருபது வருஷமா அந்த ட்யூன் தலைக்குள்ள சுத்திட்டே இருக்கு. கடைசில ஓடுற பேர் பட்டியல்ல மியூசிக் போட்டவர் பேரே இல்ல. எங்க ஆரம்பிக்கறது?

பதில்: தொடர் பேரு, எபிசோட் நம்பர், அந்த சீன் எத்தனாவது நிமிஷத்துல வருதுன்னு எல்லாம் எழுதி அனுப்பியிருந்தீங்க, அதுக்கு மொதல்ல நன்றி, பாதி வேலை அதுலயே முடிஞ்சுது. தொடர் பேர இங்க போடல, ஏன்னா இதே கேள்விய வேற வேற தொடருக்கு இன்னும் சில பேர் கேட்டிருக்கீங்க, எல்லாருக்கும் வழி கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

மியூசிக் போட்டவர் பேரே இல்லன்னு சொன்னீங்க பாருங்க, அதான் பெரிய துப்பு. ஒரு தொடருக்குன்னே ஆள் வெச்சு மியூசிக் போட்டிருந்தா அவர் பேரு வந்திருக்கும், அதோட டைட்டில் மியூசிக்கோட சாயல் எல்லா எபிசோட்லயும் எங்கயாவது எட்டிப் பாக்கும். அப்படி இல்லாம சீனுக்கு சீன் வேற வேற பேண்ட், வேற வேற ஸ்டைல்னு கேட்டுச்சுன்னா அது அனேகமா லைப்ரரி மியூசிக். அதாவது எந்த சீனுக்குன்னும் இல்லாம முன்கூட்டியே ரெக்கார்ட் பண்ணி வெச்சிருப்பாங்க, டிவிக்காரங்க வந்து தேவையானத எடுத்துப் போட்டுக்கிட்டு காசு கட்டிடுவாங்க. பிரிட்டன்ல டி வுல்ஃப்னு ஒரு கம்பெனி 1909லேர்ந்து இருக்கு, ஊமைப்படக் காலத்துலயே தியேட்டருக்கு மியூசிக் கொடுக்க ஆரம்பிச்சவங்க. கேபிஎம், சாப்பெல், அப்புறம் எழுபதுகளோட கடைசில வந்த புரூட்டன் இவங்கெல்லாம் அடுத்த பெரிய பேருங்க. உங்க தொடரோட காலத்துக்கு நான் மொதல்ல தேடுறது கேபிஎம்மும் டி வுல்ஃபும்தான்.

இந்த ரெக்கார்டுங்க கடைல விக்கவே இல்ல, அதான் நம்ம யாருக்கும் தெரியாம போச்சு. டிவி ஸ்டேஷன், படக் கம்பெனி, விளம்பரக் கம்பெனி இவங்களுக்கு மட்டும் நேரா அனுப்புவாங்க. கேபிஎம்மோட பல எல்பி இசைத்தட்டுங்களுக்கு அட்டைல படம் கூட கிடையாது, எல்லாம் ஒரே மாதிரி ஒரே கலர்ல இருக்கும். ஆனா அட்டையத் திருப்பினா பொக்கிஷம், ஒவ்வொரு ட்ராக்குக்கும் எத்தனை நிமிஷம் எத்தனை செகண்டுன்னு போட்டு, பக்கத்துலயே ஒரு வரில அதோட குணத்த எழுதியிருப்பாங்க, லேசான நகைச்சுவை, தத்தித்தத்தி நடக்குற மாதிரி, பரபரப்பான துரத்தல், இப்படி. எடிட்டர் அந்த ஒரு வரியப் படிச்சுதான் ட்ராக்க எடுத்திருப்பாரு. அதனால நீங்களும் அவர் மாதிரியே யோசிக்கணும். உங்க ஏணி சீனுக்கு அவர் என்ன வார்த்தைய தேடியிருப்பாரு? தடுமாற்றம், குண்டு ஆளு, ட்யூபா, காமெடி நடை, இந்த மாதிரிதான். டி வுல்ஃப் மாதிரி கம்பெனிங்க இப்போ அவங்க சைட்லயே ட்ராக்குகள கேக்க விடுறாங்க, இந்த வார்த்தைகள இங்கிலீஷ்ல போட்டு தேடி ஒவ்வொண்ணா கேளுங்க. பொறுமை வேணும், ஒரே உக்கார்ல கிடைக்காது, ஆனா சொல்றேன், அந்த மொத ரெண்டு செகண்ட் காதுல விழும்போது உடம்பு சிலிர்க்கும்.

ஒரு விஷயம் மட்டும் நல்லா ஞாபகம் வெச்சுக்கோங்க, ட்ராக்கோட பேருக்கும் நீங்க பாத்த சீனுக்கும் சம்பந்தமே இருக்காது. ஆலன் ஹாக்ஷா எழுதின ஒரு லைப்ரரி ட்யூனுக்கு சிக்கன் மேன்னு பேரு. அத பிபிசி 1978ல ஒரு பள்ளிக்கூடத் தொடருக்கு டைட்டில் மியூசிக்கா வெச்சுது, பேரு கிரேஞ்ச் ஹில். அடுத்த வருஷமே ஐடிவி அதே ட்யூன கிவ் அஸ் எ க்ளூன்னு ஒரு ஜாலியான விளையாட்டு நிகழ்ச்சிக்குப் போட்டுச்சு. ரெண்டுலயும் கோழியும் இல்ல ஒண்ணும் இல்ல. அதே மாதிரி ஹெர்பர்ட் சாப்பெல் போட்ட தி கோங்க்னு ஒரு துள்ளல் ட்யூன், டி வுல்ஃப் வெளியிட்டது, 1978ல டான் ஆஃப் தி டெட் படத்துல ஷாப்பிங் மால்ல பிணங்க நடக்கும்போது ஓடும், அப்புறம் 2005ல ஆரம்பிச்ச ரோபோ சிக்கன் காமெடில கடைசி பேர் பட்டியலுக்கு கோழி கொக்கரிக்குற மாதிரி அதே ட்யூன். உங்க ஏணி ட்யூன் கூட வேற எங்கயாவது, ஒரு விளம்பரத்துலயோ செய்திப் படத்துலயோ ஓடியிருக்க வாய்ப்பு நிறைய, அங்க யாராவது அதுக்கு ஏற்கனவே பேர் கண்டுபிடிச்சு வெச்சிருக்கலாம், அதனால ஒரு தொடரோட நிக்காதீங்க.

அடுத்தது காகிதம். காதால முடியாதத காகிதம் முடிச்சுக் கொடுக்கும், என்னோட அனுபவத்துல இதான் கடைசில கைகொடுக்குறது. ஒவ்வொரு எபிசோடுக்கும் கியூ ஷீட்னு ஒண்ணு எழுதுவாங்க, எந்த ட்யூன், யார் எழுதினது, எந்தப் பதிப்பாளர், எத்தனை செகண்ட் ஓடுச்சு, டைட்டிலா பின்னணியான்னு எல்லாமே அதுல இருக்கும். ராயல்டி அத வெச்சுதான் பிரியும், அதனால அஞ்சு செகண்ட் துணுக்க கூட விட மாட்டாங்க. பிபிசியே தயாரிச்ச தொடர்னா இன்னும் நல்லது, ஒளிபரப்பான ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் என்னென்ன போச்சுன்னு அவங்க ஒரு பதிவு எழுதி வெச்சாங்க, அதுல மியூசிக் விவரமும் உண்டு. அந்தக் காகிதங்க கேவர்ஷாம்ங்கற ஊர்ல பிபிசியோட எழுத்து ஆவணக் காப்பகத்துல இருக்கு. அமெரிக்கத் தொடர்னா ராயல்டி வசூலிச்சுக் கொடுக்குற அஸ்காப், பிஎம்ஐ ரெண்டு சங்கத்தோட பட்டியலையும் யார் வேணா இணையத்துல தேடலாம், தொடர் பேர போட்டு கூடவே கியூஸ்னு சேத்து தேடுங்க, அந்தத் தொடருக்குன்னே எழுதின பின்னணித் துணுக்குங்கள பல சமயம் அந்தப் பேர்லயே பதிவு பண்ணியிருப்பாங்க, பக்கத்துல எழுதினவர் பேரு வந்து நிக்கும்.

கேள்வி: ஷாஸாம் ஆப்ல பத்து தடவ முயற்சி பண்ணிட்டேன், ஒண்ணும் வரல. பழைய டேப்லேர்ந்து எடுத்த ஆடியோ. ஆப் மேல தப்பா, டேப் மேல தப்பா?

பதில்: ரெண்டுக்கும் நடுவுல. ஷாஸாம் 2002ல பிரிட்டன்ல வந்தப்போ ஆப் எல்லாம் இல்ல, 2580ங்கற நம்பருக்கு போன் போட்டு பாட்ட கேக்க விட்டா பாட்டு பேரு மெசேஜ்ல வரும். அப்போவும் இப்போவும் அடிப்படை ஒண்ணுதான், சத்தத்துல எந்த நேரத்துல எந்த சுரம் ஓங்கி நிக்குதுன்னு புள்ளி புள்ளியா குறிச்சு, வானத்துல நட்சத்திரக் கூட்டத்த அடையாளம் பாக்குற மாதிரி அந்தப் புள்ளிகளோட அமைப்ப ஒப்பிட்டுப் பாக்கும். கூட்டத்துல பேச்சு சத்தம் இருந்தா கூட ஓரளவு சமாளிச்சுடும். ஆனா வேகம் மாறினா புள்ளிக்குப் புள்ளி இருக்குற தூரமே மாறிடும், அங்கதான் தடுமாறும்.

பழைய டிவில வேகம் மாறாம இருந்ததே அதிசயம். படச்சுருள்ல எடுத்த அமெரிக்கத் தொடர் செகண்டுக்கு 24 ஃபிரேம், அத பிரிட்டன் மாதிரி PAL (பால்)ங்கற ஒளிபரப்பு முறை இருந்த நாடுகள்ல 25 ஃபிரேமா ஓட்டினாங்க, அப்போ எல்லாமே 4 சதவீதம் வேகமா ஓடும், சுருதியும் முக்கால் அரைச்சுரம் கிட்ட ஏறிடும், அதாவது பியானோல பக்கத்துக் கட்டைக்குப் போறதுக்கு கொஞ்சம் கம்மி. அதுக்கு மேல உங்க டேப் பிளேயர் வேற தன் பங்குக்கு இழுத்திருக்கும். ஆடாசிட்டின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல வேகத்த 4 சதவீதம் குறைச்சுட்டு மறுபடி ஷாஸாமுக்கு காட்டுங்க, வேகத்த குறைக்கணும், டெம்போவ மட்டும் குறைக்காதீங்க, அப்போ சுருதி அப்படியே நின்னுடும். வரலையா, 3 குறைச்சு பாருங்க, 5 குறைச்சு பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை, இதுலயே மாட்டினது நிறைய உண்டு.

அதுக்கும் வரலைன்னா அந்த ரெக்கார்டு அவங்க பட்டியல்லயே இல்லன்னு அர்த்தம், அப்போ ஆயிரம் தடவ காட்டினாலும் வராது. கூகுள்ல 2020லேர்ந்து வாயால முணுமுணுத்துக் காட்டி தேடுற வசதி இருக்கு, அது மெட்டைப் பாக்குது, ரெக்கார்டிங்க பாக்கல. பழைய மார்ச் (அணிவகுப்பு மியூசிக்), கிளாசிக்கல் துணுக்கு இதுக்கெல்லாம் அது நல்லா வேலை செய்யும், ஏன்னா அதே மெட்ட வேற யாராவது வாசிச்சிருப்பாங்க. மான்டி பைதான்ங்கற பிரிட்டிஷ் காமெடித் தொடரோட டைட்டில் மியூசிக்க எத்தனையோ பேர் அந்தத் தொடருக்குன்னே எழுதினதுன்னு நெனச்சுட்டு இருந்தாங்க, அது 1893ல ஜான் ஃபிலிப் சூசா எழுதின லிபர்ட்டி பெல்ங்கற மார்ச். காப்பிரைட் முடிஞ்சு போனது.

கேள்வி: சிரிப்பு சத்தம் மியூசிக்க முழுங்கிடுது. தனியா பிரிக்க வழி உண்டா?

பதில்: உண்டு, மூணு நாலு விதமா. ஸ்டீரியோவோ ஃபைவ் பாயின்ட் ஒன்னோ இருக்குற டிவிடின்னா பேச்சு பெரும்பாலும் நடு சேனல்ல இருக்கும், நடுவ அணைச்சுட்டு ஓரத்த மட்டும் கேட்டா மியூசிக் மேல எழும்பி வரும். பழைய மோனோ எபிசோட்னா இது நடக்காது, அப்போ டீசர் கம்பெனி 2019ல இலவசமா வெளியிட்ட ஸ்ப்ளீட்டர் மாதிரி பிரிக்குற சாஃப்ட்வேருங்க இருக்கு, பேச்ச நல்லாவே எடுத்துடும், சிரிப்ப மட்டும் முழுசா எடுக்காது.

எனக்கு ரொம்ப பிடிச்ச வழி டப்பிங். வேற மொழிக்கு மாத்தணும்னா மியூசிக்கும் எஃபெக்ட்ஸும் மட்டும் இருக்குற ஒரு தனி ட்ராக் மேல புதுக் குரல பதிவு பண்ணுவாங்க, அதுல சில சமயம் சிரிப்பு இருக்காது, அதோட மூலத்துல ஒருத்தர் கத்திட்டு இருக்குற எடத்துல டப்பிங்ல கொஞ்சம் அமைதி கிடைக்கும், அந்த ஒரு செகண்ட்ல மெட்டு தெளிவா விழும். ஜெர்மன், பிரெஞ்ச், ஸ்பானிஷ் எது கிடைச்சாலும் கேளுங்க. சில நாட்டுல மியூசிக்கையே மாத்தியிருப்பாங்க, அதனால நாலு நோட்டாவது மூலத்தோட பொருந்துதான்னு பாத்துட்டு மேல போங்க.

மேஷ்ங்கற அமெரிக்க காமெடித் தொடர் பாத்தவங்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி, அத பிரிட்டன்ல பிபிசி சிரிப்பு சத்தம் இல்லாமத்தான் ஒளிபரப்புச்சு, டிவிடிலயும் சிரிப்பு இல்லாத ஆடியோவ தேர்ந்தெடுத்துக்கலாம். அப்படி ஒரு தடவ பாருங்க, வேற தொடரே பாக்குற மாதிரி இருக்கும்.

கேள்வி: நான் ஞாபகம் வெச்சிருந்த பாட்டு இப்போ ஆன்லைன்ல அதே எபிசோட்ல இல்ல, வேற ஏதோ ஓடுது. வீட்டுல எல்லாரும் எனக்கு ஞாபக மறதின்னு சொல்றாங்க.

பதில்: உங்க ஞாபகம் சரியாத்தான் இருக்கும். பழைய தொடருக்கு பாட்டு உரிமை வாங்கும்போது டிவில ஓட்ட மட்டும்தான் வாங்கினாங்க, கேசட்டு, டிவிடி, இணையம்லாம் யாரும் நெனச்சே பாக்கல. பின்னாடி வெளியிடும்போது புதுசா காசு கேட்டாங்க, கட்டுப்படியாகல, மாத்திட்டாங்க. இதுல ரொம்ப அடிபட்டது டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி, 1978லேர்ந்து 1982 வரைக்கும் வந்த அமெரிக்க காமெடி. கதையே ஒரு ராக் ரேடியோ ஸ்டேஷன்ல நடக்குது, பாட்டு இல்லாம சீனே இல்ல. 2007ல மொத சீசன் டிவிடி வந்தப்போ நிறைய பாட்ட தூக்கிட்டு யாருக்கும் தெரியாத மியூசிக்க வெச்சாங்க, பாட்டு மேல பேச்சு விழுந்த எடத்துல பேச்சும் சேந்து போச்சு. பாட்ட பத்தியே ஒரு காமெடி வசனம் இருந்து பாட்டு மட்டும் இல்லன்னா அந்த சீன் என்னத்துக்கு ஆகும்? 2014ல வேற கம்பெனி பெரும்பாலான பாட்ட திரும்ப சேத்து முழுத் தொடரையும் வெளியிட்டுச்சு. மேரீட் வித் சில்ட்ரன் தொடர்லயும் ஃபிராங்க் சினாட்ராவோட டைட்டில் பாட்டு மூணாவது சீசன்லேர்ந்து, மொதல்ல வந்த அமெரிக்க டிவிடில இல்லாம போச்சு.

அதனால தேடும்போது எந்தப் பதிப்புல கேட்டீங்கங்கறது ரொம்ப முக்கியம். அந்தக் காலத்துல யாராவது டிவிலேர்ந்து நேரா பதிவு பண்ணின டேப்தான் உங்களுக்கு சாட்சி, கறையும் கோடுமா இருந்தாலும் அதத் தூக்கிப் போட்டுடாதீங்க.

கேள்வி: லாரல் ஹார்டி படங்கள டிவில பாத்து வளந்தவள் நான். அடிதடிக்கு நடுவுல பின்னாடி சின்னதா ஒரு ஜாஸ் பேண்ட் ஓடிட்டே இருக்குமே, அந்த மியூசிக் யாரோடது? தனியா கேக்க முடியுமா?

பதில்: மேடம், இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்த நடத்தலாம். அந்த டைட்டில்ல வர்ற குக்கூ ட்யூன் மார்வின் ஹாட்லி எழுதினது, அந்தப் படங்கள எடுத்த ஹால் ரோச் ஸ்டூடியோவுக்குள்ள இருந்த ரேடியோ ஸ்டேஷன்ல மணி அடிக்குறதுக்கு பதிலா ஒலிக்க வெச்சிருந்த துணுக்கு, லாரல் கேட்டுட்டு இது நம்மளுக்கு வேணும்னு எடுத்துக்கிட்டாரு. நீங்க கேக்குறது மத்தது, அந்த நடுவுல ஓடுற மெட்டுங்க, அதுல பெரும்பாலானது லீராய் ஷீல்டு எழுதினது. முப்பதுகளோட தொடக்கத்துல கொஞ்ச காலம் எழுதிக் கொடுத்தாரு, அதையே அந்த ஸ்டூடியோ படத்துக்குப் படம் திரும்பத் திரும்ப போட்டுக்கிட்டு இருந்துச்சு, திரையில அவர் பேர் வந்ததே அபூர்வம்.

இசைக்குறிப்பு தொலைஞ்சு போச்சுன்னு எல்லாரும் கைவிட்டிருந்தாங்க. நெதர்லாந்துல பியட் ஷ்ரூடர்ஸ்னு ஒரு கிராஃபிக் டிசைனர், படம் படமா கேட்டு, எந்த மெட்டு எந்தப் படத்துல எந்த எடத்துல வருதுன்னு துண்டு துண்டா சேத்தாரு. ஒரு படத்துல பாதி மெட்டு, பேச்சு வந்து மூடிடும், மிச்ச பாதி வேற படத்துல தெளிவா இருக்கும், அப்படி ஒட்டிப் போட்டு முழு மெட்ட எடுத்தாங்க. அத வெச்சு பியூ ஹங்க்ஸ்னு ஒரு டச்சு இசைக்குழு காதால கேட்டே குறிப்பு எழுதி, அந்தக் காலத்து பாணிலயே வாசிச்சு 1992ல சிடி வெளியிட்டாங்க. அறுபது வருஷமா அடி விழுற சத்தத்துக்கும் பியானோ உருண்டு விழுற சத்தத்துக்கும் அடில கிடந்த மியூசிக், மொத மொதல்ல தனியா முழுசா கேட்டுச்சு. அதக் கேளுங்க மேடம், கண்ண மூடிட்டு கேட்டா சீன் தானா ஓடும்.

உங்களுக்கு மட்டுமில்ல, மத்தவங்களுக்கும் இதுல ஒரு வேலை இருக்கு, ஒரு எபிசோட்ல மெட்டு அரைகுறையா இருந்தா அதே தொடரோட வேற எபிசோட்ல தேடுங்க. லைப்ரரி ட்ராக் வாங்கினவங்க ஒரு தடவையோட விட மாட்டாங்க.

கேள்வி: மிஸ்டர் பீன் ஆரம்பத்துல கோயில்ல பாடுற மாதிரி வருதே, அது பழைய சர்ச் பாட்டா?

பதில்: இல்ல, 1990ல அந்தத் தொடருக்குன்னே ஹோவர்ட் குட்டால் எழுதினது, லண்டன் சதர்க் கதீட்ரல் பாடகர் குழு பாடினது. லத்தீன் வரிக்கு அர்த்தம், இதோ பாருங்க அவரைக்கொட்டையா இருக்குற மனுஷன். இடைவேளைக்கு முன்னாடி வர்ற வரிக்கு முதல் பாகம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

கேள்வி: லைப்ரரி ட்ராக்குகள வாசிச்ச கலைஞர்கள் பேரு எங்கயுமே கிடைக்க மாட்டேங்குது, ஏன்?

பதில்: எழுதினவர் பேராவது அட்டைல இருக்கும், வாசிச்சவங்க பேரு பெரும்பாலும் இருக்காது, அதுக்கு ஒரு காரணம் உண்டு. பிரிட்டன்ல இசைக்கலைஞர் சங்கம் பல வருஷம் லைப்ரரி மியூசிக் பதிவுக்கு சம்மதிக்கல, ஒரு தடவ வாசிச்சத ஆயிரம் தடவ ஓட்டினா நேர்ல வாசிக்குறவனுக்கு வேலை போயிடும்னு பயம், அந்த பயத்துலயும் நியாயம் இருந்துச்சு. அதனால கம்பெனிக்காரங்க நோட்டு பேப்பரத் தூக்கிட்டு கொலோன், பிரஸ்ஸல்ஸ்னு போய் அங்க இருக்குற ஆளுங்கள வெச்சு வாசிக்க வெச்சாங்க. நாள் கணக்குல சம்பளம், ஒரே நாள்ல நிறைய ட்ராக், பேரு எங்கயும் ஏறல. அந்தக் கிளாரினெட் எந்த ஊர்க்காரர் வாசிச்சதோ, அவர் பேரப் பிள்ளைங்களுக்கே தெரிஞ்சிருக்காது.

எழுதினவங்களுக்கு அப்பப்போ தாமதமா பேர் கிடைச்சிருக்கு. கர்ப் யுவர் என்தூசியாசம்ங்கற அமெரிக்க காமெடித் தொடரோட ட்யூன, அத உருவாக்கி நடிச்ச லாரி டேவிட் ஒரு பேங்க் விளம்பரத்துல கேட்டு மனசுல வெச்சிருந்தாரு, தேடிப் பாத்தா லூச்சானோ மிக்கெலினின்னு ஒரு இத்தாலிக்காரர் எழுபதுகள்ல ஒரு இத்தாலியப் படத்துக்கு எழுதின ஃப்ரோலிக். இப்போ உலகம் பூரா தெரியும்.

கேள்வி: பேரு கண்டுபிடிச்சுட்டேன், அடுத்து என்ன பண்றது?

பதில்: வாழ்த்துக்கள்! அப்படியே எழுதி வைங்க, ட்ராக் பேரு, எழுதினவர், லேபிள், ஆல்பம் நம்பர், எந்த எபிசோட்ல எத்தனாவது நிமிஷம், டிவில ஓடுன நீளம் எவ்வளவு ட்ராக்கோட முழு நீளம் எவ்வளவுன்னு. அதே ட்ராக்குக்கு ஒரு நிமிஷப் பதிப்பு, அரை நிமிஷப் பதிப்புன்னு தனித்தனியா இருக்கும், சும்மா அஞ்சு செகண்ட் முத்தாய்ப்பு கூட தனி ட்ராக்கா இருக்கும், உங்க சீன்ல எது ஓடுச்சுன்னு ஒட்டிப் பாத்து உறுதி பண்ணுங்க. அப்புறம் அந்த ஆல்பத்த முழுசா கேளுங்க, ஏன்னா எடிட்டர் எல்பிய கைல எடுத்தா ஒண்ணோட வைக்க மாட்டாரு, நீங்க தேடாத இன்னும் ரெண்டு மூணு சீனோட மியூசிக் அதே எல்பில பக்கத்து ட்ராக்கா உக்காந்துட்டு இருக்கும். உங்க வீடியோவுல போடணும்னா மட்டும் உரிமை வாங்கணும், பழசா இருந்தாலும் அதுக்கு சொந்தக்காரங்க இருக்காங்க.

கண்டுபிடிச்சவங்க எங்களுக்கும் எழுதுங்க, ட்ராக் பேரையும் எழுதினவர் பேரையும் இந்தப் பக்கத்துலயே போடுறோம்.